நூற்றுக்கு மூன்று

எங்கள் கூடத்தின் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே, ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘கண்ணில் படுவதை மட்டும் வரையுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை வரையாதீர்கள்.’ எங்கள் வேலைக்கு அதுதான் வேதவாக்கு. ஒரு படத்தில் சுவருக்குப் பின்னாலிருந்து நாயின் வால் மட்டும் தெரிந்தால், வாலைச் சுற்றித்தான் கோடு போட வேண்டும். வாலுக்கு முன்னால் ஒரு முழு நாய் நிற்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இயந்திரத்துக்கு அது வேண்டாமாம். நான்கு வருடம் அந்த வாக்கை ஒரு பிசகில்லாமல் கடைப்பிடித்தேன். என் மதிப்பெண் 98.6. பதினொரு பேரில் நான்தான் முதல். முதலாவதாக இருந்ததற்காகத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

என் பெயர் லில்லிபுஷ்பம். வால்பாறைக்கு மேலே வெள்ளக்கல் எஸ்டேட்டில் பிறந்தவள். எஸ்டேட்டின் பழைய குழந்தைகள் காப்பகத்துக்கு வெள்ளையடித்து, பதினொரு கணினிகளைப் போட்டு, எங்களை உட்கார வைத்தார்கள். எல்லோருமே தேயிலைத் தொழிலாளிகளின் பெண்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குத் தேயிலைச் செடிக்கும் காட்டுச் செடிக்கும் வித்தியாசம் தெரியாததால் இந்த வேலை எங்களுக்கு வந்தது.

வேலை இதுதான். திரையில் ஒரு படம் வரும். அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோட்டை மூட வேண்டும். பிறகு பெயர் கொடுக்க வேண்டும்: மனிதர், சாக்கு, செடி, பாதை, கல், விலங்கு. போகப் போக இயந்திரமே கோடு போட்டுப் பெயரும் வைத்து அனுப்பியது. நாங்கள் ‘சரி’யை அழுத்தினால் போதும். ஒரே படத்தை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் அதுதான் உண்மை. தனித்துச் சொன்னவளுக்கு மதிப்பெண் குறையும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போய்விடலாம்.

இப்படி லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் எருமைக்குக் கண் திறந்தது.

எருமை என்பது நாங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யாருடைய வாயிலும் நுழையாது. தேயிலைச் சரிவில் தானாக ஊர்ந்து போகும் கறுப்பு வண்டி அது. ஓட்டுநர் கிடையாது. பெண்கள் கொழுந்து வெட்டி நிரப்பிய சாக்குகளைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். எருமை வந்து இரும்புக் கையால் தூக்கி, முதுகில் இருக்கும் தொட்டியில் போட்டுக்கொள்ளும். பாரம் சுமந்து மேடு ஏறும் கஷ்டம் இனி இல்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான்.

ஆடி மாத மழையில் அது என் மதினியைத் தூக்கியது.

அன்னபாக்கியம் என் அண்ணன் மனைவி. ஒன்பதாம் நம்பர் காட்டில் கொழுந்து வெட்டுகிறாள்; தேயிலைப் பகுதிகளை எஸ்டேட்டில் காடு என்போம். அன்று காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போடப் பாதை ஓரத்தில் குனிந்திருக்கிறாள். தலையில் கொங்காணி. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கூம்பாக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்வதைத்தான் கொங்காணி என்போம். தலை, முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். குனிந்து நின்றால் வெளியே எதுவும் தெரியாது. எருமை வந்தது, அவளைத் தூக்கியது, தொட்டிக்குள் போட்டது. மற்ற பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்து வண்டியின் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்குள் மேலே இன்னும் இரண்டு சாக்கு விழுந்திருந்தது. காறை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் உடைந்தன.

கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியது. தலையில் சாக்கு அணியக்கூடாது என்று ஏற்கெனவே சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறதாம். ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோட்டு கொடுத்திருக்கிறதாம். தடை செய்த ஆடையை அணிந்ததால் விபத்துக்குத் தொழிலாளியே பொறுப்பாம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கொழுந்து வெட்டிப் பார்க்கட்டும், உள்ளே வியர்வையிலேயே நனைந்துவிடுவார்கள். செடியின் குச்சி பட்டு ஒரே நாளில் கிழிந்தும் போகும். எழுதியவர் மழையைக் கண்ணாடி ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவர்.

எருமையை நிறுத்தி வைத்தார்கள். ஐப்பசி முதல் வாரம், அடுத்த மழையோடு, எல்லாக் காடுகளிலும் ஒரே நாளில் இறக்குவோம் என்று அறிவித்தார்கள். அதற்குள் மழைப் படங்களை எல்லாம் நாங்கள் புதிதாகப் பார்த்து முடிக்க வேண்டும்.

அந்த மழைப் படங்களில் ஒன்று ஒரு புதன்கிழமை மதியம் என் திரைக்கு வந்தது. மங்கலான பச்சை, நடுவில் ஒரு வெள்ளை மேடு. சுற்றிக் கோடு போட்டு ‘சாக்கு’ என்று இயந்திரமே எழுதியிருந்தது. ‘சரி’யை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் ஓரத்தில் இருந்த தேதியையும் காட்டு நம்பரையும் கவனித்தேன். திரும்பப் போய் எடுத்தேன். ஒன்பதாம் நம்பர், அதே நாள், அதே நேரம்.

தெரிந்து பார்த்தும் எனக்கு மதினி தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கின் அடியில் சேற்றில் ஊன்றிய ஒரு கால் கட்டைவிரல் மட்டும் இருந்தது. சுவரில் ஒட்டிய தாளின்படி, அந்தக் கட்டைவிரலைச் சுற்றிக் கோடு போட்டு ‘மனிதர்’ என்று எழுதலாம். மிச்சம் எல்லாம் சாக்கு. எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் மதினியின் லைன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து, கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, உங்க படம் இன்னைக்கு எனக்கு வந்துச்சு.”

“நல்லா இருந்தனா?”

“சாக்குன்னு போட்டுட்டேன்.”

மதினி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இதுக்கு முன்னாடியும் இதே மாதிரி நெறைய போட்டிருக்கேன் மதினி. நாலு வருசமா. அதையெல்லாம் பாத்துத்தான் எருமை படிச்சிருக்கு. அது உங்களத் தூக்குனதுக்கு நான்தான் காரணம்.”

“எம்புட்டு நேரம் பாத்த?”

“நாலு செகண்டு.”

“இருவது வருசமா என் மூஞ்சியப் பாக்குறவ, நாலு செகண்டுல சாக்காக்கிட்டியே புள்ள!” என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கியவள் விலாவைப் பிடித்துக்கொண்டாள். “சிரிக்க வைக்காத, வலிக்குது.” நான் அழுதுகொண்டு நின்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. “எதுக்கு இப்ப ஒப்பாரி? எழுதுனவ நீதான? நீயே போய் அழி.”

மறுநாளிலிருந்து அழிக்க ஆரம்பித்தேன். மழைப் படத்தில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் ‘மனிதர்’ என்று போட்டேன். என்னோடு அதே படத்தைப் பார்த்த மற்ற இரண்டு பேரும் ‘சாக்கு’ என்றார்கள். இரண்டு பேர் சொன்னது உண்மையானது. என் மதிப்பெண் ஒன்பது நாளில் 98.6-லிருந்து 91-க்கு இறங்கியது. பத்தாம் நாள் தினகர் சார் கூப்பிட்டார்.

தினகர் கோயம்புத்தூர்க்காரர், எங்கள் கூடத்துக்கு மேலாளர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாரையும் அதட்ட மாட்டார். எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டுக் காட்டுவார்.

“உக்காருங்க லில்லி. உங்க மதினிக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தாங்க. ஆனா இத நீங்க புரிஞ்சுக்கணும். முன்னாடி மழையில நூத்துக்கு எட்டு தப்பு வந்துட்டு இருந்துச்சு. இப்ப மூணுதான். மூணுங்கறது ரொம்ப நல்ல நம்பருங்க.”

“எந்த மூணு சார்?”

“எந்த மூணுன்னா?”

“நூறு பொம்பளைங்க மழையில குனிஞ்சு நின்னா அதுல மூணு பேரத் தூக்கித் தொட்டியில போடும். எந்த மூணு பேருன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, அவங்கள மட்டும் அன்னைக்கு லீவு போடச் சொல்லிரலாம்.”

அவர் பேனாவை மூடித் திறந்தார். “அப்படிச் சொல்ல முடியாதுங்க. அது சராசரி.”

“சரி சார். சந்தேகம் வந்தா வண்டிய நிக்கச் சொல்லுங்க.”

“நின்னா வண்டி நகரவே நகராது. மழையில எல்லாமே சந்தேகம்தான். சந்தேகம் வந்தா தூக்கணும்னு வச்சிருக்காங்க. மேல எடுத்த முடிவு.”

“மேலன்னா? மேல இருக்கறவங்க யாராவது ஒன்பதாம் நம்பர்ல கொழுந்து வெட்டுறாங்களா?”

“லில்லி, இன்னும் ரெண்டு பாயின்ட் எறங்குச்சுன்னா என்னால உங்களக் காப்பாத்த முடியாதுங்க” என்றார் தினகர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கிளப்பியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேரையும் கூப்பிட்டு என் திரையைச் சுற்றி உட்கார வைத்தேன். ஹசீனா சாப்பாட்டு டப்பாவை மூடாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “எனக்கு தொண்ணூத்திரண்டுதான் இருக்குக்கா. ரெண்டு புள்ளைங்க இருக்கு. என்னய இதுல இழுக்காதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

“இழுக்கல. பத்து மழைப் படம் காட்டுறேன். எது ஆளு, எது சாக்குன்னு மட்டும் சொல்லு. மதிப்பெண் கெடையாது, நேரமும் கெடையாது. நிதானமாச் சொல்லு.”

பத்துப் படத்தில் ஹசீனா நான்கைத் தவறாகச் சொன்னாள். சித்ரகலா மூன்று. மற்றவர்களும் அப்படித்தான். பத்தையும் சரியாகச் சொன்னவள் ஒருத்தி இல்லை. நானே இரண்டைக் கோட்டைவிட்டிருந்தேன். கேமரா பதிவில் அடுத்த நிமிடத்தைப் பார்த்துத்தான் விடையைத் தெரிந்துகொண்டேன். ஹசீனா கடைசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பன்னிரண்டாம் நம்பர் காட்டில் இருக்கிறாள்.

“இதுல எங்கம்மா இருந்தாலும் எனக்குத் தெரியாதுக்கா.”

“நமக்கே தெரியல. எருமைக்கு எப்படித் தெரியும்? தெரியாதப்ப ஆளுன்னு போட்டுருவோம்.”

“மழையில ஒண்ணுமே தெரியலையே?” என்றாள் சித்ரகலா.

“அப்ப எல்லாத்தையும் போடுவோம்.”

பிறகு சித்ரகலாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. எப்போதும் கணக்குப் போடுகிறவள் அவள். “மழைப் படம் நம்ம கூடத்துக்கு மட்டும்தான வருது? மூணு பேருமே நம்மாளுங்கதான். மூணு பேரும் ஒண்ணா சொன்னா யாருக்கு மதிப்பெண் கொறையும்?”

“யாருக்கும் கொறையாது.”

“சோதனைப் படம்?”

சோதனைப் படம் என்பது எங்களைப் பிடிப்பதற்காக நடுநடுவே நுழைக்கும் படம். அதன் விடை கம்பெனியிடம் இருக்கும். ஆனால் மொத்தமே நாற்பது படங்கள்தான், நான்கு வருடமாக அதே நாற்பது. சிவப்புக் கயிறு கட்டிய நாய், சாய்ந்த மைல்கல், கைப்பிடி கிழிந்த சாக்கு. எங்களுக்கு அவை பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல. அவற்றுக்குக் கம்பெனியின் விடையையே கொடுத்தோம்.

மற்ற மழைப் படங்களில் இருந்த ஒவ்வொரு சாக்கையும் மனிதர் என்று எழுதினோம். சின்னச் சாக்கு, பெரிய சாக்கு, படுத்த சாக்கு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த சாக்கு. ஒரு பெண்ணைச் சாக்கு என்று எழுதியபோது யாருக்கும் உறுத்தவில்லை. சாக்கைப் பெண் என்று எழுதினால் மட்டும் பொய்யாகிவிடுமா? தினகர் சார் பின்னால் வந்து நிற்கும்போதெல்லாம் ஹசீனா வாய்க்குள்ளே ஏதோ ஓதுவாள். அவர் படத்தைப் பார்க்கவே மாட்டார். திரை மூலையில் ஓடும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “சூப்பர், ஒத்துப்போற விகிதம் நூறாயிடுச்சே” என்று தலையை ஆட்டிக்கொண்டு போவார். என் மதிப்பெண் 97-க்கு ஏறியது.

ஐப்பசி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் லட்டுப் பெட்டியோடு வந்தார். “எருமைக்குப் பரீட்சை வச்சாங்க. ஆமா, நானும் எருமைன்னு சொல்லிட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு! இந்த எஸ்டேட்ல இப்படி ஒரு மார்க் யாரும் பாத்ததில்ல. எல்லாம் உங்க கை.”

“பரீட்சையை யார் திருத்துனாங்க சார்?” என்று கேட்டேன்.

“ஒரு பகுதிப் படத்த அதுக்குக் காட்டாம ஒதுக்கி வச்சிருவாங்க. நீங்க எழுதுன விடையோட அதோட விடைய ஒப்பிட்டுப் பாப்பாங்க. அவ்வளவுதாங்க.”

சித்ரகலா லட்டு தொண்டையில் சிக்கி இருமினாள். எங்கள் பொய்யை நன்றாகக் கற்றுக்கொண்டதா என்று எங்கள் பொய்யை வைத்தே பார்த்திருக்கிறார்கள். லட்டு நன்றாக இருந்தது. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து கம்பெனி இயக்குநர் வந்திருந்தார். அவருக்குக் குடை பிடிக்க ஒருவர், செருப்பில் சேறு படாமல் பலகை போட இன்னொருவர். ஒன்பதாம் நம்பர் காட்டின் பாதையில் விழா. எங்கள் பதினொரு பேரையும் ஒரே நிறச் சேலை கட்டச் சொல்லி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பந்தலில் ஒரு பெரிய திரை. எருமை தன் கண்ணால் பார்ப்பது அதில் தெரியும். படித்ததை எருமை மறந்திருந்தால்? சரிவில் முப்பத்தொரு பெண்கள் குனிந்து கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லோர் தலையிலும் கொங்காணி. ஆரஞ்சுக் கோட்டுகள் எப்போதோ கிழிந்து போயிருந்தன.

தினகர் பொத்தானை அழுத்தினார். எருமை உறுமிக்கொண்டு பாதையில் இறங்கியது. முதல் சாக்குக்கு முன்னால் போய்க் கையை நீட்டியது. நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு அதை மெதுவாக மடக்கிக்கொண்டு ஒரு அடி பின்வாங்கியது. அதன் வயிற்றிலிருந்து, செய்தி வாசிக்கும் தமிழில், ஒரு பெண் குரல் வந்தது.

“தயவுசெய்து விலகி நில்லுங்கள். உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்.”

சாக்கு விலகவில்லை.

“தயவுசெய்து விலகி நில்லுங்கள்.”

பந்தலில் யாரோ தும்முவது போலச் சிரித்தார்கள். எருமை அடுத்த சாக்குக்குப் போய் அதனிடமும் கேட்டுக்கொண்டது. அதற்கடுத்த சாக்குகளிடமும் அப்படியே கெஞ்சியது. இயக்குநர் திரைப் பக்கம் திரும்பினார். மேலே ஓரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: மனிதர்கள்: 214.

“தினகர், இங்க எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?”

“முப்பத்தொண்ணு சார்.”

“அப்ப மத்தவங்க யாரு?”

தினகர் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தார். நான்கு வருடத்தில் முதல் முறையாக எண்ணைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வரிசையிலிருந்து வெளியே வந்தேன்.

“நாங்கதான் சார் சொல்லிக் குடுத்தோம்.”

“யாரு நீ?”

“படம் பாக்குறவ. மழையில சாக்கு எது, ஆளு எதுன்னு எங்களுக்குத் தெரியல. உங்க மெசினுக்கும் தெரியல. தெரியலன்னா தூக்குன்னு நீங்க சொன்னீங்க. தெரியலன்னா தூக்காதன்னு நாங்க சொன்னோம். அது எங்க பேச்சக் கேட்டுருச்சு.”

“இது நாசவேலை. உன்ன மட்டும் இல்ல, இதுல கை வச்ச ஒவ்வொருத்தரையும்...”

“ஒருத்தி தனியா சொன்னாத்தான சார் தப்பு?” ஹசீனாவின் குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். பத்துப் பேரும் என்னோடு வந்து நின்றிருந்தார்கள். “ரெண்டு பேரு ஒண்ணா சொன்னா உண்மைன்னு எழுதிப் போட்டது நீங்க. நாங்க பதினோரு பேரு.”

இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “புதுசா ஆள் போட்டு மறுபடி செய்யுங்க” என்றார் தினகரிடம்.

“செய்யலாம் சார். ஆனா சந்தேகத்துக்கு நிக்கறதா, தூக்கறதாங்கறத இந்தத் தடவ...” தினகர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “இந்தத் தடவ நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நூத்துக்கு மூணு பேரத் தூக்கலாம்னு.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. இயக்குநரும் எதிர்பார்க்கவில்லை. குடை பிடித்தவர் குடையைச் சாய்த்ததில் இயக்குநரின் சட்டையில் மழை கொட்டியது.

எங்களுக்கு வேலை போகும் என்று தெரியும். மறுநாளே போனது. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். அந்த நிமிடத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மதினி வந்தாள். ஒரு கை கழுத்தோடு கட்டித் தொங்க, மறு கையில் ஒரு காலிச் சாக்கு. பாதையில் இறங்கி, சாக்கின் மூலையைப் பல்லால் கடித்து இழுத்து மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். எருமைக்கு நேர் எதிரே, சாக்குகளுக்கு நடுவே போய்க் குனிந்து உட்கார்ந்தாள். அண்ணன் பதறிக் கத்தினான்.

இரும்புக் கை அசையவில்லை. திரையில் 214 அழிந்து, 215 என்று வந்தது.

“தயவுசெய்து விலகி நில்லுங்கள்” என்றது எருமை.

மதினி கொங்காணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மாட்டேன், போ.”